தண்டவாளம் போன வழி

பழைய இரும்பை எடைக்கு வாங்கும் கடையைத் தமிழகம் காயலான் கடை என்கிறது. காயல்பட்டினத்து வணிகர்கள் அத்தொழிலில் முன்னின்றதால் இப்பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தேய்ந்த பொருளே அக்கடைக்குப் போகும் என்பது பொது நினைப்பு. போடி வட்டாரத்து இருப்புப்பாதைகளின் கதையோ தேய்மானத்தால் முடிந்த கதையன்று.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளப் பாதை. வண்டியின் பாரம் பெரிதும் ஒரே தண்டவாளத்தின்மீது தங்க, பக்கவாட்டுச் சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு சாயாமல் காக்க, மாடுகள் அதை இழுத்துச் சென்றன. 1908இல் அதனிடத்தில் இரண்டடி அகலப் பாதை வந்தது. டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடி எனப்படும் போடிநாயக்கனூரை அடைந்தன. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் தொண்ணூற்றொன்பது வெள்ளம் எனப்படும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அம்மலைப் பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்ததோ 1928இல். மலை ரயிலும் சமவெளி ரயிலும் ஒரு நாளேனும் சேர்ந்து ஓடவில்லை என்பது இவ்வட்டாரம் அடைந்த பேரிழப்பு.

சுமார் 90 கிலோமீட்டர் நீண்ட போடிப் பாதைக்கும் ஆயுள் நீளவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பெயர்த்து அவற்றின் இரும்பைப் போர்த் தேவைக்கு அனுப்பிய பிரிட்டிஷ் அரசு, பதினான்கே வயதான இப்பாதையையும் 1942இல் மூடியது. ஏலக்காய்ச் சந்தையாக வளர்ந்துவந்த போடி, 1950களின் முற்பகுதிவரை ரயிலின்றி இருந்தது. யாரோ நடத்திய போருக்கு இந்த ஊர் கொடுத்த விலை அது.

மீண்டும் போடப்பட்ட பாதையில் 2010 இறுதியோடு ஓட்டம் நின்றது. இம்முறை காரணம் அகலம்: ஒரு மீட்டர் இடைவெளிக்குச் செய்த பெட்டியும் எஞ்சினும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடமாட்டா. அகல ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வந்து சேர்ந்தது. இவ்வாறு கழற்றப்படும் தண்டவாளங்களை ரயில்வே ஏலத்தில் விற்பதும், உருட்டாலைகள் அவற்றை உருக்காமலேயே பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக நீட்டுவதும் நாடெங்கும் உள்ள வழக்கம். கொல்லுப் பட்டறையில் பட்டடையாகவும், பள்ளிக்கூட மரத்தில் மணியாகவும் தண்டவாளத் துண்டுகள் பிழைத்திருப்பதைத் தமிழகம் முழுவதும் காணலாம்.

மலைமீது எஞ்சியது பெயர். ரயில் அழிந்து நூறாண்டு கடந்தும் டாப் ஸ்டேஷன் டாப் ஸ்டேஷனாகவே இருக்கிறது. குரங்கணியிலிருந்து அங்கே ஏறும் வழியிலுள்ள சிற்றூர், ரயிலே எட்டிப் பார்க்காத சரிவில், சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே வழங்குகிறது.