நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நோயெதிர்ப்புச் சமிக்ஞைகள்

சிஓபிடி எனப்படும் இந்நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் முக்கியக் காரணங்கள். ஆனால் சேதத்தின் பெரும்பகுதியைச் செய்வது உடலின் சொந்தக் காவல்படையான நோயெதிர்ப்பு மண்டலமே.

புகை பட்டதும் நுண்ணறைகளிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்களும் மூச்சுக்குழாயின் உட்படலமும் இன்டர்லூக்கின்-8 போன்ற சைட்டோகைன்களை, அதாவது சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்த அழைப்புக்கு இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. அவை உமிழும் எலாஸ்டேஸ் நொதி, நுரையீரலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளை அறுக்கிறது. சளிச் சுரப்பையும் தூண்டுகிறது. எலாஸ்டேஸைக் கட்டுப்படுத்தும் புரதம் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். அதன் குறைபாட்டுக்கும் நுரையீரல் சிதைவுக்கும் உள்ள தொடர்பை 1963-இல் சுவீடனின் லாரெல், எரிக்சன் இருவரும் வெளியிட்டனர். குறைபாடு இல்லாதவர்களிடமும் புகை இப்புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்து முடக்குகிறது.

புகையை நிறுத்திய பின்னும் பலரிடம் இந்த நோயெதிர்ப்பு அழற்சி தணிவதில்லை.

நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் ஈசினோஃபில்கள் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் மேலோங்கும். இரத்தத்தில் இவை மைக்ரோலிட்டருக்கு 300-ஐத் தாண்டினால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்கு பலனளிக்க வாய்ப்புண்டு. நியூட்ரோஃபில் வகை அழற்சி ஸ்டீராய்டுக்கு எளிதில் மசிவதில்லை. இன்டர்லூக்கின்-4, 13 சமிக்ஞைகளைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசி மருந்துக்கு, ஈசினோஃபில் மிகுந்த சிஓபிடிக்காக 2024-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.