பச்சையப்பர் – 7: உயிலுக்குப் பிறகு ஒன்பது நாள்

கூவம் தெளிவாக ஓடிய காலத்தில், கோமளீசுவரன்பேட்டை வீட்டிலிருந்து விடியற்காலையில் இறங்கி ஆற்றில் முழுகி, ஈரம் சொட்டக் கோமளீசுவரரைக் கும்பிட்டு வந்தபிறகுதான் கணக்குப் புத்தகத்தைத் திறந்த பச்சையப்ப முதலியாரைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மனிதர் இப்போது கும்பகோணத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்.

1794 மார்ச் 22. உயில் எழுதியாகிவிட்டது. வயது 40. பெயர் சொல்ல ஆண்பிள்ளை இல்லை.

பிறக்கும் முன்பே தகப்பனை இழந்த பிள்ளை அவர். பெரியபாளையத்தில் தாய் பூச்சியம்மாள் பட்ட பாட்டை முதல் அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளைதான் வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷியாகி, வரி வசூலிலும் வட்டியிலும் லட்சங்களைப் பார்த்தது. தஞ்சை அரசர் கம்பெனிக்குக் கட்டவேண்டிய கிஸ்திக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அந்தப் பணத்தில் உழவன் கட்டிய வரியும் கலந்திருந்தது. அதை மறைத்து வரலாறு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கை நிறைந்த காலத்திலேயே தில்லைக் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தவரும் இவர்தான். சாகும் நேரத்தில் வந்த பக்தி அல்ல அது.

உயிலிலும் அதே மனம்தான். சொத்தின் பெரும்பகுதி கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும்.

கும்பகோணத்திலிருந்து திருவையாற்றுக்குப் போனார். காவிரிக்கரையில் மார்ச் 31 அன்று உயிர் பிரிந்தது.

அதன்பிறகு நடந்ததை எழுதும்போது நெஞ்சு கொதிக்கிறது. சொத்துக்கு உரிமை கேட்டு வழக்கு மேல் வழக்கு. உயிலில் சொன்ன தருமங்கள் நடக்கவில்லை. வழக்கு தொடங்கியபோது இளைஞராக இருந்தவர்கள் கிழவர்களானார்கள். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்!

கடைசியில் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் விடாப்பிடியாக நின்றார். 1832-இல் சென்னை சுப்ரீம் கோர்ட் தருமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பணம் மீண்டது. முதலும் வட்டியுமாகக் கூட்டிப் பார்த்தால் லட்சக்கணக்கில் நின்றது. எல்லாக் கோயில் கட்டளைகளையும் குறையில்லாமல் நடத்தினாலும் பெருந்தொகை மிஞ்சும்!

அந்த மிச்சம் யாருக்கு? உறவுக்காரர்களுக்கா, கம்பெனி கஜானாவுக்கா? நார்ட்டன் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். 1842-இல் பிராட்வேயில் ஒரு கதவு திறந்தது. உள்ளே யார் காத்திருந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பாருங்கள்.

(தொடரும்)