நகர்வதைக் காணும் ராடர்: தெல்தெனிய வீதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய ஊடாக மகியங்கனைக்குச் செல்லும் வீதி, ஹுன்னஸ்கிரியவைக் கடந்ததும் ‘பதினெட்டு வளைவு’ எனப் பெயர்பெற்ற மலையிறக்கத்தை அடைகின்றது. பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்ரோறியா நீர்த்தேக்கத்தினுள் அமிழ்ந்தபின், மேட்டுநிலத்தில் எழுந்ததே இன்றைய நகரம். இவ்வீதியில் பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் விரைகையில், அவற்றின் ஓரமாகப் பாடசாலைப் பிள்ளைகளும் றங்கலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளரும் நடந்து செல்கின்றனர். முன்புறத்தில் ராடர் பொருத்திய கார்களும் இன்று இங்கு ஓடுகின்றன. அக்கருவி இம்மனிதரைக் காண்கின்றதா என்னும் வினாவை அதன் வரலாற்றினூடாக ஆராய்வதே நமது நோக்கமாகும்.

1895இல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் மில்லிமீற்றர் அலைகளைப் பொதுமக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அவர் கையாண்ட அலைகளுட் சிலவற்றின் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். இன்றைய கார் ராடர் பயன்படுத்தும் 77 கிகாஹேட்ஸ் மீடிறனுக்குரிய அலைநீளம் ஏறத்தாழ 3.9 மில்லிமீற்றர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1904இல் ஜேர்மனியரான ஹியுல்ஸ்மையர் றைன் நதியிற் சென்ற கப்பலை மின்காந்த எதிரொலியால் உணர்ந்து காட்டினார். எனினும் இக்கலையைப் பெருமளவில் வளர்த்தது போரேயாகும்.

அப்போர் இலங்கையையும் தீண்டியது. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, ராடர் இருந்தும் உரிய எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையிற் போர்விமானங்கள் தரையிலேயே அகப்பட்டன. நான்கு நாள்களின் பின் திருகோணமலையில் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்தது. விமானங்கள் எழுந்து எதிர்கொண்டன. கருவி இருத்தல் வேறு, அது தரும் செய்தி உரிய வேளையிற் பயன்படுதல் வேறு என்னும் பாடத்தை இவ்விரு நாள்களும் நமக்கு உணர்த்துகின்றன.

போருக்குப் பின் ராடர் வீதிக்கு வந்தது. 1940களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிற் பொலிசார் அதனைக்கொண்டு வாகனங்களின் கதியை அளக்கத் தொடங்கினர். 1990களின் இறுதியில் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் முன்செல்லும் வாகனத்தினின்று இடைவெளி பேணும் 77 கிகாஹேட்ஸ் ராடரைக் காரிற் பொருத்தியது. இவ்வாறு முதலிற் பகைவிமானமும், அடுத்துக் கதிமீறிய சாரதியும், பின்னர் முன்செல்லும் காரும் ராடரின் இலக்குகளாயின. நடந்து செல்பவர் அவ்வரிசையில் இறுதியிலேயே இடம்பெற்றார்.

இத்தாமதத்திற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. 1842இல் டொப்ளர் வெளியிட்ட தத்துவத்தின்படி, நெருங்கும் பொருளினின்று மீளும் அலையின் மீடிறன் உயர்கின்றது. செக்கனுக்கு 1 மீற்றர் கதியில் நெருங்கும் ஒருவரால் 77 கிகாஹேட்ஸில் நிகழும் மாற்றம் ஏறத்தாழ 513 ஹேட்ஸ் மாத்திரமே. அவர் வீதியைக் குறுக்கே கடப்பாராயின், அவரது நடையினால் விளையும் மாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும்; ஏனெனில் ராடரை நோக்கிய கதிக்கூறையே இம்முறை அளக்கின்றது. மேலும், கார் ஓடும்போது அசையாத பாறையும் மரமும் காரை நோக்கி வருவனபோலத் தோன்றும். ஆதலின் அசையாப் பொருள்களின் எதிரொலிகளை வேண்டாதனவாகக் கழித்துவிடுவது தொடக்ககாலக் கார் ராடர்களின் பொது வழக்காயிற்று. பதினெட்டு வளைவு போன்ற இடத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் பாறைச்சுவர் காரின் நேர்முன்னே நிற்பதால், இவ்வாறு கழிக்காவிடின் பொய்யெச்சரிக்கை ஓயாது. ஆயினும், பாறையோரம் அசையாது நிற்கும் முதியவரின் எதிரொலியும் அதே கழிவிற் சேர்ந்துவிடக்கூடும்.

துல்லியத்தைப் பெருக்க மூன்று வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, அலைப்பட்டையை அகலமாக்குதல். பட்டை 0.2 கிகாஹேட்ஸ் ஆயின், முன்பின்னாக உள்ள இரு பொருள்களைப் பிரித்தறியும் எல்லை 75 சென்ரிமீற்றர். 4 கிகாஹேட்ஸ் ஆயின் அது 4 சென்ரிமீற்றருக்குங் குறைவு. இரண்டாவது, பல அலைவாங்கிகளை இணைத்துத் திசையை நுணுக்கமாக அறிதல். மூன்றாவது, நடப்பவரின் கைகால் வீச்சு எழுப்பும் நுண்ணிய டொப்ளர் மாற்றங்களைக்கொண்டு மனிதரை இனங்காணல்.

எனினும், இனங்காண்பதோடு பணி முடிந்துவிடவில்லை. 2018 மார்ச் 18ஆம் திகதி அரிசோனாவின் ரெம்பி நகரிற் பரிசோதனையிலிருந்த ஊபர் நிறுவனத்தின் தன்னியக்கக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 செக்கன்களுக்கு முன்னரே ராடர் அவரை உணர்ந்திருந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை கூறியது. கணினியோ அவரை வாகனம் என்றும் வேறு பொருள் என்றும் மாறிமாறி வகுத்தது. வகுப்பு மாறுந்தோறும் அவர் அதுவரை நகர்ந்துவந்த தடத்தைக் கணிப்பிற் கொள்ளாது விட்டது. கடவைக்கு வெளியே வீதியைக் கடப்போர் அதன் வடிவமைப்பிற் கருதப்படவேயில்லை.

இங்குத் தவறியது அலையன்று. யார் வீதிக்குரியவர் என்ற முற்கோளேயாகும். தெல்தெனிய வீதியிற் கடவைக்கு வெளியே நடத்தல் அன்றாட வாழ்க்கை. நடைபாதை இல்லாத நீண்ட பகுதிகளில் அதற்கு மாற்றும் இல்லை. ஆதலால், அகன்ற நெடுஞ்சாலைகளில் நிறுவப்பட்ட துல்லியம் இங்கும் துல்லியமாகும் என நாம் கொள்ளமுடியாது. மலைவளைவு, மழை, வீதியோர நடை ஆகியவற்றினிடையே இக்கருவிகளை அளந்து பதிவுசெய்யும் ஆய்வு தேவை. பேராதனைப் பொறியியற் பீடம் இவ்வீதிக்கு அண்மையிலேயே உள்ளது. கழிக்கப்படும் எதிரொலிகளுள் மனிதர் எத்தனை பேர் என்பதே அவ்வாய்வின் முதல் வினாவாக அமைதல் வேண்டும்.