துறைமுகத்துக்கு முதுகு காட்டிய கேமராக்கள்

ஹாங்காங்கின் ஆரம்பகாலப் புகைப்படங்களில் பெரும்பாலும் கடல்தான் இருக்கிறது. 1860இல் சீனப் போருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் படையோடு வந்து இறங்கிய ஃபெலிச்சே பியாட்டோ, துறைமுகத்தையும் அதில் நின்ற கப்பல்களையும் பல தகடுகளில் எடுத்து ஒரே அகலப் படமாக இணைத்தார். 1868இல் அங்கே ஸ்டூடியோ போட்டார் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன். 1874 செப்டம்பரில் பெரும்புயல் கரையைச் சூறையாடியபோது, சீனப் புகைப்படக்காரர் லாய் அஃபோங் சேதத்தைப் படமெடுத்தார். இன்றைய சுற்றுலாக் கையேடுகளிலும் அதே கடல், அதே மலை. அந்தக் காட்சிக்குப் பின்னால் இருந்த ஊர் படங்களில் பெரிதாக இடம்பிடிக்க இன்னும் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிவிட்டது இடநெருக்கடி.

1945இல் ஹாங்காங்கின் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். சீன உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களால் ஐந்தே ஆண்டுகளில் அது 20 லட்சத்தைத் தாண்டியது. 1949இல் ஷாங்காயிலிருந்து வந்த குடும்பங்களில் ஒன்று ஃபான் ஹோவுடையது. அவர் கையில் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா இருந்தது. இடுப்பளவில் பிடித்து, குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கும் வகை அது. துறைமுகத்தை விட்டுவிட்டு, சந்துகளிலும் படிக்கட்டுத் தெருக்களிலும் சந்தைகளிலும் வெயில் சாய்ந்து விழும் நேரத்துக்காக அவர் காத்திருந்தார். 1954இல் எடுத்த ‘நெருங்கும் நிழல்’ அவருடைய புகழ்பெற்ற படம். சுவரோரம் தலைகுனிந்து நிற்கும் பெண் அவருடைய உறவினர். அவரை நோக்கிக் குறுக்கே சரியும் கரிய நிழலோ இருட்டறையில் சேர்க்கப்பட்டது. எல்லோரும் அவருக்கு இணக்கமாக இருந்துவிடவில்லை. பன்றிக்கறி வெட்டும் ஒருவர் கையில் கத்தியோடு வந்து, தன் ஆவியைத் திருப்பித் தரச் சொல்லி மிரட்டியதைப் பிற்காலத்தில் ஃபான் ஹோவே நினைவுகூர்ந்திருக்கிறார்.

போரிலிருந்து தப்பி வந்தவர்களில் பலர் மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில் பற்றிய தீ 50,000க்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் தெருவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அங்கே மறுகுடியமர்வுக் கட்டடங்கள் எழுந்தன. ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் இரண்டு நீண்ட கட்டடங்கள். அவற்றை இணைக்கும் நடுப்பகுதியில் பொதுக் கழிப்பறைகளும் தண்ணீர்க் குழாய்களும். ஐந்து பெரியவர்களுக்கு 120 சதுர அடி அறை ஒன்று. சமையல் வெளி நடையில். அவற்றில் எஞ்சியிருக்கும் மேய் ஹோ ஹவுஸ், 2013 முதல் இளைஞர் விடுதியாக இயங்குகிறது.

அரசு வீட்டுவசதியின் அடுத்த கட்டம் 1960களின் தொடக்கத்தில் வந்தது. அப்போது கட்டப்பட்ட சோய் ஹங் குடியிருப்பு ஏறத்தாழ 43,000 பேருக்கானது. வானவில் நிறங்களைப் பட்டைபட்டையாகப் பூசிய கட்டடங்கள். தரையில் இடம் போதாததால் கார் நிறுத்தத்தின் கூரைமேல் கூடைப்பந்து மைதானம் போட்டார்கள். அங்கே பந்து தட்டும் பிள்ளைகளோடு, இன்று உலகெங்கிலுமிருந்து கேமராவும் கையுமாக வருகிறவர்களும் இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள்.

அரசின் கணக்குக்குள் அடங்காத இடமும் ஒன்று இருந்தது. அதுதான் கௌலூன் மதில் நகரம். 2.7 ஹெக்டேரில் சுமார் 33,000 பேர். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்ற கட்டடங்கள், பக்கத்திலேயே கை டாக் விமான நிலையம் இருந்ததால் 14 மாடிக்கு மேல் ஏறவில்லை. உள்ளே சந்துகளில் பகலிலும் விளக்கு எரியும். தலைக்கு மேல் குழாய்களும் மின்கம்பிகளும் பின்னிக் கிடக்கும். வெயில் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகள் ஆன்டெனாக் காட்டுக்குள் விளையாட, விமானங்கள் அவர்கள் தலைக்குச் சற்று மேலே தாழ்ந்து இறங்கின. 1987இல் இடிக்கும் முடிவு வெளியானது. புகைப்படக்காரர்கள் கிரெக் ஜிரார்டும் இயன் லம்பாட்டும் ஆண்டுக்கணக்கில் உள்ளே திரிந்து, பல் மருத்துவர்களையும் மீன் உருண்டைத் தயாரிப்பாளர்களையும் வீடுவீடாகப் படமெடுத்தார்கள். 1993இல் அவர்கள் புத்தகம் வந்தது. அதே ஆண்டு இடிப்பும் தொடங்கியது. இப்போது அங்கே பூங்கா. கை டாக்கும் 1998 ஜூலையில் மூடப்பட்டது.

1994இல் குடியேறிய ஜெர்மானியர் மைக்கேல் வோல்ஃப், ஜன்னல்களைப் படமெடுத்தார். வானத்தையும் தரையையும் வெட்டிவிட்டதால் அடுக்குமாடிச் சுவர் முடிவே இல்லாமல் நீள்கிறது. பின்சந்துகளில் தொங்கும் துடைப்பக் கட்டைகள், காயவைத்த கையுறைகள், கயிறு சுற்றி ஒப்பேற்றிய நாற்காலிகள் ஆகியவற்றுக்கும் அதே அக்கறையைத் தந்தார். அவருக்குப் பின்னே வந்தவர்களுக்கு இடத்தைத் தேடித் துப்பறியும் வேலை குறைந்தது. இருப்பிடக் குறியோடு கைப்பேசியில் பரவும் ஒரு படமே போதும்.

குவாரி பேயில் ஐந்து கட்டடங்கள் ஒட்டி நிற்கும் பழைய குடியிருப்பு அப்படித்தான் மாட்டிக்கொண்டது. 2014இல் வெளிவந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தில் அது தலைகாட்டியதும் முற்றத்தில் கூட்டம் மொய்த்தது. துணி காயப்போடுவதும் கறிகாய் வாங்கிவருவதும் வேடிக்கைப் பொருளாகிவிட்டதில் குடியிருப்போருக்கு எரிச்சல். படமெடுக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். கறிக்கடைக்காரர் கத்தியோடு கேட்டதை இவர்கள் பலகை வைத்துக் கேட்டார்கள். மேற்குப் பகுதியின் சரக்குத் துறை, நீர் தேங்கிய தரையில் வானம் தெரிவதால் ‘இன்ஸ்டாகிராம் துறை’ என்றே பெயர் வாங்கியிருந்தது. 2021இல் அங்கே பொதுமக்கள் நுழையத் தடை வந்தது. சோய் ஹங்கை இடித்துக் கட்டும் திட்டமும் 2023இல் அறிவிக்கப்பட்டது.

தேடுபவர்கள் இன்னும் தெற்கே போகிறார்கள். 1960களில் கட்டத் தொடங்கிய வா ஃபூ குடியிருப்புக்குக் கீழே, கடலை ஒட்டிய பாறைச்சரிவில் ஆயிரக்கணக்கான சாமி சிலைகள் வரிசையாக நிற்கின்றன. வீடு மாறுகிறவர்களும், மதம் மாறுகிறவர்களும், பெரியவர்கள் இறந்த வீட்டினரும் குப்பையில் போட மனம் வராமல் விட்டுப்போனவை. குவான் யின்னுக்குப் பக்கத்தில் சிவந்த முகத்துக் குவான் யூ, தொந்தி புத்தர், சில இடங்களில் மாதாவும் உண்டு. காற்றில் விழாமலிருக்கச் சிலைகளின் அடியில் சிமென்ட் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து முதியவர்கள்தான் பராமரிப்பு. வா ஃபூவுக்கும் மறுகட்டுமானம் வருகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறும்போது, சரிவில் சாமிகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.