நாலரை அடித் தடுப்பும் அணைக்கப்பட்ட மைக்கும்: இணைய விளையாட்டில் வசையின் வரலாறு குறித்துச் சில

1996 ஜூலை 11 அன்று பெங்களூரு பிரிகேட் சாலையில் ஒரு காபிக்கடை திறக்கப்பட்டது. பின்னாளில் நாடெங்கும் பரவிய கஃபே காபி டேயின் முதல் கடை அது. அன்று அங்கே முதன்மையாக விற்கப்பட்டது காபி அன்று, இணையம். நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு மணிநேர இணைப்பு. கூடவே ஒரு கோப்பை காபி. விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை 1995 ஆகஸ்ட் 15இல்தான் தொடங்கியிருந்தது. இந்திய நகரத்து இளைஞர் தலைமுறை ஒன்று இணையத்தை முதலில் சந்தித்தது இவ்வாறு ஒரு கடைக்குள், பிறர் பார்க்க, வாடகைக்கு எடுத்த ஒரு நாற்காலியில். இணைய விளையாட்டில் வசை என்னும் பொருளின் வரலாற்றை இந்த நாற்காலியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

அடுத்த பத்தாண்டில் பெங்களூரிலும் சென்னையிலும் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. 2000ஆம் ஆண்டு கவுன்டர் ஸ்ட்ரைக் தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தபின், பல கடைகளில் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் குழுவாக ஆடும் வழக்கம் வேரூன்றியது. அங்கும் வசை இருந்தது, தாராளமாகவே இருந்தது. ஆனால் வைதவனும் வையப்பட்டவனும் ஒரே அறையில் இருந்தார்கள். எல்லை மீறினால் கடைக்காரர் எழுந்து வருவார், அல்லது கணினியை அணைப்பார். நாளைக்கும் அதே கடைக்குத்தான் வர வேண்டும் என்னும் நினைப்பே ஒரு கடிவாளமாக இருந்தது.

இக்காலத்தைப் பொற்காலமாக எழுதும் போக்கு அன்றைய ஆட்டக்காரர்களின் நினைவுகளில் அடிக்கடி தென்படுகிறது. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. இருட்டிய பின்னும் நண்பர் கூட்டத்தோடு விளையாட்டுக் கடையில் உட்கார முடிந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பிற்காலத்தில் மிகக் கொடிய வசைக்கு இலக்கான பெண்கள் அந்த அறைக்குள் அரிதாகவே நுழைந்தார்கள். அமைதி நிலவியது என்றால், அதில் ஒரு பங்கு கடைக்காரருடையது. இன்னொரு பங்கு வாசற்படியுடையது.

அரசும் இந்த அறையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. இந்தியாவின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001இல் பெங்களூரில் அமைந்தது. 2011 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட சைபர் கஃபே விதிகள் வருவோரின் அடையாளச் சான்றைப் பதியச் சொல்லின. தடுப்புகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது என்றன. தடுப்பில்லாத கணினிகளின் திரை பொது இடத்தை நோக்கியே இருக்க வேண்டும் என்றன. பயங்கரவாதமும் ஆபாசப் படங்களும் குறித்த அச்சமே இவ்விதிகளுக்குப் பின்னிருந்தது. விளையாட்டில் எழும் வசையை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும், ஒருவர் திரையில் செய்வதை இன்னொருவர் தலையை உயர்த்திப் பார்க்க முடிய வேண்டும் என்னும் கருத்தை மரப்பலகையின் உயரமாகவே எழுதிவைத்த சட்டம் என்ற வகையில் அது ஓர் அரிய வரலாற்று ஆவணம்.

மேலை நாடுகளில் இச்சிக்கல் இதற்கும் முந்தியது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்னும் எழுத்துவடிவ விளையாட்டில், பிறரைத் துன்புறுத்துவதையே இன்பமாகக் கொண்டோர் இருந்தனர். 1996இல் பார்ட்டில் ஆட்டக்காரர்களை நான்காக வகுத்த கட்டுரையில் அவர்களுக்குத் தனி வகையே ஒதுக்கினார். 1997இல் வெளியான அல்டிமா ஆன்லைனில் தொல்லை பெருகவே, 2000இல் நிறுவனம் அவ்வுலகையே இரண்டாகப் பிளந்தது: தாக்குதலற்ற ஒரு நிலம், பழைய விதிகளோடு ஒரு நிலம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2011இல் ஆட்டக்காரர்களையே நடுவர்களாக்கி, தட்டச்சிட்ட உரையாடல்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வைத்தது. 2014வாக்கில் அந்த ஏற்பாடு நின்றுபோனது. இம்முயற்சிகள் எல்லாம் எழுத்தை நம்பியவை என்பது கவனிக்கத்தக்கது. எழுதப்பட்ட வசை தடயம் விட்டுச் செல்கிறது.

இந்தியாவில் பெருந்திரளான மக்கள் இணைய விளையாட்டுக்கு வந்ததோ எழுத்தின் வழியாக அன்று, குரலின் வழியாக. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபின் கைப்பேசித் தரவு மலிந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. முன்பின் அறியாத நால்வரை ஒரு குழுவாக்கி, மைக்கைத் திறந்துவிட்டு, ஒரு தீவில் இறக்கிவிடும் விளையாட்டு அது. பிரவுசிங் சென்டருக்குள் வராத பெண்கள் இப்போது தம் வீட்டிலிருந்தே அந்த அறைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் இல்லை. குரலைக் கேட்ட மாத்திரத்தில் பெண் என்று தெரிந்துவிடும். பிறகு ஆட்டம் முடியும்வரை என்ன நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆண் பெயர் சூட்டிக்கொள்வதும், மைக்கை அணைத்துவிட்டு ஆடுவதும் பெண் ஆட்டக்காரர்களின் தற்காப்பாயின. குழு விளையாட்டில் பேசாதிருப்பவர் பாதிக் கையோடு ஆடுபவர். அந்தத் தண்டனை வையப்பட்டவருக்கே விழுந்தது.

காண்போர் இல்லாததால் வசை பெருகியது என்பது எளிய விளக்கம். 2021 ஜூனில் தமிழ்நாட்டில் வெடித்த வழக்கு அவ்விளக்கத்தை உடைத்தது. ‘பப்ஜி மதன்’ என்று ஊடகங்கள் அழைத்த யூடியூபர், விளையாடிக்கொண்டே பெண்களிடம் ஆபாசமாகப் பேசியதை நேரலையாக ஒளிபரப்பினார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய அலைவரிசைகளுள் ஒன்றின் பெயரிலேயே ‘டாக்சிக்’ என்ற சொல் இருந்தது. ஆய்வாளர்கள் கண்டனமாகப் பயன்படுத்தும் சொல் அங்கே விருதுப்பெயராக மாறியிருந்தது. தம் முகத்தை அவர் காட்டவில்லை. ஆனால் அவருக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் சந்தாதாரர்கள் இருந்தனர். அவர்களுள் சிறுவர்களும் பலர். அந்த அறையில் கண்கள் இல்லாமலில்லை. இலட்சக்கணக்கில் இருந்தன, அவை ரசித்தன, பணமும் அனுப்பின. நாலரை அடித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்க்கும் கண் வேறு, நுழைவுக்கட்டணம் கொடுத்துப் பார்க்கும் கண் வேறு என்பதை அவ்வழக்குக் காட்டியது.

முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பேச்சை முதலில் கேட்டுவிட்டு வந்து வாதாடுமாறு மனுதாரரின் வழக்கறிஞரிடம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதாகச் செய்திகள் வந்தன. 2021 ஜூன் 18 அன்று தருமபுரியில் அவர் கைதானார். ஜூலையில் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராய வியாபாரிகளையும் ரவுடிகளையும் மனத்திற்கொண்டு 1982இல் இயற்றப்பட்டு, 2014இல் சைபர் குற்றவாளிகளையும் சேர்த்துக்கொண்ட சட்டம் அது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தைத் தருவது. தெருமுனை ரவுடிக்கு வார்த்த விலங்கை ஒரு மைக்குக்குப் பூட்டியதைப் பலர் கைதட்டி வரவேற்றனர். அந்த வரவேற்பு விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் கல்விப்புலம் அதில் எளிதாகச் சேர்ந்துகொள்ள முடியாது. ‘பெரிதும் புண்படுத்தும்’ செய்திகளைத் தண்டித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2012இல் யார் மீது பாய்ந்தது? மகாராஷ்டிரத்தின் பால்கரில் முகநூலில் கருத்துச் சொன்ன இரண்டு இளம்பெண்கள் மீது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. அகன்ற சட்டங்கள் வைபவரைவிட விமர்சிப்பவரை விரைவாகத் தேடிக் கண்டுபிடிக்கின்றன.

இன்னொரு உண்மையும் இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. சட்டத்தின் கைக்கு எட்டியவர் தம் பேச்சைத் தாமே ஒளிபரப்பியவர். ஒளிபரப்பாத வசை ஆட்டம் முடிந்ததும் காற்றோடு போகிறது.

அரசும் மருத்துவமும் இவ்விளையாட்டுகளைப் பாராமல் விட்டுவிடவில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜி மொபைலும் ஒன்று. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கர்நாடகக் காவல் சட்டத் திருத்தம் பணயம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க முனைந்தது. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்துசெய்தது. அவ்வழக்கின் வேர் 1957ஆம் ஆண்டின் சமர்பாக்வாலா தீர்ப்புகளில், திறமையா வாய்ப்பா என்னும் பழைய வினாவில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்தின் மையமும் பணமே. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இல் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளையாட்டுக் கோளாற்றை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. அங்கே அளக்கப்படுவது ஆட்டத்தின் மீதான கட்டுப்பாட்டை ஒருவர் எவ்வளவு இழந்திருக்கிறார் என்பது. எவ்வளவு பணம், எத்தனை மணிநேரம், எந்நாட்டுச் செயலி என்ற வினாக்களுக்கெல்லாம் நிறுவனங்கள் பிறந்துவிட்டன. ஆட்டத்தின் நடுவே ஒருவர் இன்னொருவரிடம் என்ன பேசினார் என்னும் வினா அவற்றின் வாசலுக்கு வெளியே நின்றது.

அவ்வினா விளையாட்டு நிறுவனங்களின் பொறிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வேலோரன்ட் விளையாட்டின் குரல் உரையாடல்களைப் பதிந்து மதிப்பிடும் பணியை ரயட் நிறுவனம் 2022 ஜூலையில் தொடங்கியபோது, அது வட அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மட்டும் தொடங்கியது. அடுத்த ஆண்டு கால் ஆஃப் டியூட்டியும் அதே நிலத்தில், அதே மொழியில் தொடங்கியது. வேலோரன்டின் மும்பை சர்வர் 2020இலேயே வந்துவிட்டது. பெங்களூரின் ஒரு விடுதி அறையிலிருந்து அதில் இணையும் ஐவரின் பேச்சு கன்னடத்தில் தொடங்கி, இந்தியில் மாறி, கோபம் வந்தால் தமிழிலோ தெலுங்கிலோ முடியும். வசைச்சொல்லைப் பலர் தாய்மொழியில் சொல்வார்கள்.