சுரிக்கித் தீவின் கோரைப் படகு

பொலிவியாவும் பெருவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் டிட்டிகாகா ஏரி, கடல் மட்டத்துக்கு 12,500 அடி மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் படகுக்கு ஏற்ற மரத்துக்கு எங்கே போவது? ஏரிக்குள் இருக்கும் சுரிக்கி என்ற சிறு தீவின் அய்மாரா மக்கள் கோரையிலேயே படகு கட்டப் பழகினார்கள். அந்தக் கோரைக்கு டோட்டோரா என்று பெயர். நம் பத்தமடைப் பாய்க்கோரைக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

ஆழமில்லாத கரையோரத்தில் வேரைப் பெயர்த்து நட்டால் அது தழைத்துவிடும். அடித்தண்டின் வெள்ளைப் பகுதி மனிதருக்கு உணவு. பச்சைத் தாள் மாட்டுக்கு. உலர்ந்தது பாய்க்கும் கூரைக்கும் படகுக்கும். படகு கட்டும் முறைதான் விசேஷம். இரண்டு பெரிய கட்டுகள். நடுவில் ஒல்லியாக ஒன்று. நடுக்கட்டை இருபுறத்துக் கட்டுகளோடும் தனித்தனியே சுருள் கயிற்றால் பிணைத்து, ஆட்கள் மூச்சைப் பிடித்து இழுத்து இறுக்குவார்கள். நடுக்கட்டு உள்ளே போய் மறைந்துவிடும். ஓர் ஆணி கிடையாது.

1969ஆம் வருஷம் நார்வேக்காரரான தோர் ஹேயர்டால், பண்டை எகிப்தியரின் பாப்பிரஸ் படகு அட்லாண்டிக்கைத் தாண்டும் என்று காட்டப் புறப்பட்டார். சாட் ஏரியிலிருந்து வந்தவர்கள் கட்டிய ‘ரா’ மொராக்கோவின் சஃபி துறைமுகத்திலிருந்து கிளம்பியது. வழியில் பின்புறம் தண்ணீரில் அமிழ்ந்தது. பார்படோஸ் தீவை எட்டுமுன்னே அதைக் கைவிட நேர்ந்தது.

அடுத்த வருஷம் அவர் சுரிக்கிக்கு ஆள் அனுப்பினார். டெமெட்ரியோ, ஹோஸே, ஹுவான் என்ற லிமாச்சி சகோதரர் மூவரும், பாவுலினோ எஸ்டெபனும் சஃபிக்கு வந்தார்கள். எத்தியோப்பியப் பாப்பிரஸை வைத்துத் தங்கள் ஏரி முறைப்படியே ‘ரா-2’வைக் கட்டினார்கள். அது 57 நாளில் பார்படோஸைச் சேர்ந்தது.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றுகிறது. பழைய உலகத்தின் கலை அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம் என்று காட்டுவதற்கு, அந்தக் கலையை அமெரிக்கத் தீவிலிருந்தல்லவா இரவல் வாங்க வேண்டியிருந்தது! படகு மிதக்கும் என்பது நிரூபணமாயிற்று. எகிப்தியர் போனார்கள் என்பது ஆகவில்லை.

கடலைத் தாண்டிய எண்மரில் அந்த நால்வரில் ஒருவர்கூட இல்லை. 1977இல் இராக்கில் ‘டைகிரிஸ்’ கட்டும்போதும் ஹேயர்டால் டிட்டிகாகாவிலிருந்துதான் கைவினைஞரை வரவழைத்தார். ஏரியிலோ மரப் படகும் மோட்டாரும் பெருகின. கோரைப் படகில் மீன் பிடிக்கப் போவது அருகிப்போய், வந்து போகிறவர்கள் வாங்கிச் செல்லும் கையளவுப் பொம்மைப் படகுகளைச் சுரிக்கிக்காரர்கள் கட்டலானார்கள்.