5 பைட் வாசல்

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலின் ஒரு ஃபங்ஷனை வெளியிலிருந்து ஏற்றப்படும் மாட்யூல் இடைமறிக்கலாம். கணினியை நிறுத்தவே வேண்டாம். இந்த வசதியைத் தந்தது கெர்னலின் கண்காணிப்புக் கருவியான எஃப்டிரேஸ். அது பிறந்த 2008-இல் பலருடைய நெட்வொர்க் கார்டுகள் அதனால் செத்துப்போயின.

நிகழ்நேர லினக்ஸில் தாமதம் எங்கே விழுகிறது என்று தேடிக்கொண்டிருந்த இங்கோ மோல்னார், ஸ்டீவன் ராஸ்டெட் ஆகியோரின் வேலையில் முளைத்தது இது. ஜிசிசி கம்பைலரில் பழைய வசதி ஒன்று உண்டு: கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் எம்கவுன்ட் என்ற ஒன்றை அழைக்கும் கட்டளையைச் செருகித் தரும். ஃபங்ஷன்களின் ஓட்டத்தைப் பின்தொடர அது போதும். ஆனால் கண்காணிப்பு தேவைப்படாத நேரத்திலும் கெர்னல் முழுக்க அந்த வெற்று அழைப்பு நடந்தால் வேகம் குறையும். அதனால் எக்ஸ்86-இல் 5 பைட் நீளமுள்ள அந்த அழைப்பை, ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றி வைத்தார்கள். கண்காணிக்க வேண்டியபோது மட்டும் அழைப்பு திரும்ப எழுதப்படும்.

அருமையான யோசனைதான். சிக்கல், எழுத வேண்டிய முகவரிகளைத் திரட்டிய முறையில் இருந்தது. ஒரு ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது அதன் முகவரி குறிக்கப்படும். நொடிக்கு ஒருமுறை விழிக்கும் பின்னணி வேலை ஒன்று, குறித்த இடங்களிலெல்லாம் போய் எழுதிவிட்டு வரும். மாட்யூலின் தொடக்க ஃபங்ஷனோ ஒரே ஒருமுறைதான் ஓடும். ஓடி முடிந்ததும் அதன் நினைவகம் விடுவிக்கப்படும். பட்டியலில் முகவரி இருக்கும், அங்கே இருந்த நிரல் போயிருக்கும். அந்த இடைவெளியில் அதே முகவரி, இ1000இ டிரைவர் இயக்கும் இன்டெல் நெட்வொர்க் கார்டின் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டால்?

எழுதும் முன் பழைய மதிப்பு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் அதற்குப் பயன்படுத்திய எக்ஸ்86 கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் இருந்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. சாதனத்தின் ஃபிளாஷில் எழுதும் ஒவ்வொரு முறையும் அது ஓர் ஆணை. கார்டின் அமைவுத் தகவல்கள் சிதைந்தன. லினக்ஸை நீக்கிப் புதிதாக நிறுவினாலும் கார்டு பிழைக்கவில்லை.

2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களிடமிருந்து செப்டம்பரில் புகார்கள் வந்தபோது, எஃப்டிரேஸை யாரும் நினைக்கவில்லை. சந்தேகம் விழுந்தது இ1000இ டிரைவர் மேல். நெட்வொர்க்குக்குத் துளியும் தொடர்பில்லாத ஒன்று காரணம் என்பதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம்! அக்டோபரில் 2.6.27 வெளிவந்த சில நாட்களில், 2.6.27.1-இல் நிரலை மாற்றி எழுதும் அந்தப் பகுதி முடக்கப்பட்டது.

என் பார்வையில் எஃப்டிரேஸ் உண்மையாகப் பிறந்தது அதற்கு அடுத்த 2.6.28-இல்தான், அந்த டிசம்பரில். அழைப்பு இடங்களை ஓடும்போது பொறுக்குவதை ராஸ்டெட் கைவிட்டார். அப்போது கம்பைல் செய்யும்போதே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் எல்லா இடங்களையும் பட்டியலிட்டு ஆப்ஜெக்ட் கோப்புக்குள் வைத்துவிட்டது. மாட்யூல் தன் பட்டியலைத் தானே சுமந்து வரும். இறங்கும்போது அதன் முகவரிகளும் நீக்கப்படும். எதிர்பார்த்த பைட்கள் முகவரியில் இல்லையென்றால் எதுவும் எழுதப்படாது. எஃப்டிரேஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும். இந்தக் கண்டிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். கெர்னலின் நிரலைத் திருத்தும் உரிமை உள்ள ஒன்றுக்கு ஊகம் கூடாது.

அந்த உறுதி கிடைத்த பிறகுதான் அதே 5 பைட்டில் பெரிய வேலைகளை ஏற்ற முடிந்தது. 2014-இல், ஓடும் கெர்னலின் பிழைகளை நிறுத்தாமலே திருத்துவதற்காக, ரெட் ஹேட் கேபேட்சையும் சூசே கேகிராஃப்டையும் முன்வைத்தன. இரண்டின் கருத்துகளும் சேர்ந்து 2015 ஏப்ரலில் வந்த 4.0 கெர்னலில் லைவ்பேட்ச் ஆனது. பிழையுள்ள ஃபங்ஷன் அழைக்கப்பட்டதும் எஃப்டிரேஸ் குறுக்கிட்டு, மாட்யூலில் வந்திருக்கும் திருத்திய ஃபங்ஷனுக்கு ஓட்டத்தைத் திருப்பிவிடும். எஃப்டிரேஸின் பட்டியலில் இடம்பெறாத ஃபங்ஷனை லைவ்பேட்ச் இப்படித் திருப்ப முடியாது.